ரவியின் பங்கு

எங்கள் ஒழுங்கைக்கு யாராவது புதிதாக வந்து டுபாய்க்காரர் வீடு எது என்று கேட்டால், கையால் காட்டிய பிறகும் நம்பாமல் நிற்பார்கள். ஒழுங்கையிலேயே மோசமான கூரை அந்த வீட்டுக்குத்தான். மாரி தொடங்கினால் நடுவறையில் ஒரு வாளி, குசினியில் ஒரு அலுமினியச் சட்டி, படுக்கிற பாயின் தலைமாட்டில் ஒரு பழைய பால்மாத் தகரப்பேணி என்று ஒழுக்குக்கு ஏந்தி வைத்திருக்கும். வீட்டுக்காரர் டுபாயில் கப்பல் பட்டறையொன்றில் இரும்பை உருக்கி ஒட்டுகிற வேலை செய்தார். மாதம் தவறாமல் பணம் வந்தது. ஓடு மட்டும் மாறவில்லை.

அந்த வீட்டு அக்காவைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். பெயர் வேண்டாம். ஓர்ஸ் ஹில் குன்றுச் சரிவில், உள்துறைமுகத்தைப் பார்த்தபடி இறங்கும் அந்த ஒழுங்கையில் எல்லோருக்கும் அவர் டுபாய் அக்கா.

கட்டைபறிச்சானிலிருந்து கலியாணம் முடித்து நான் பக்கத்து வீட்டுக்கு வந்த கிழமை, அவர் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு என்னைப் பார்க்க வந்தார். சேலையைப் பற்றியோ நகையைப் பற்றியோ ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"எது வரைக்கும் படிச்சனீ, பிள்ளை?"

"ஏ.எல். வரைக்கும், அக்கா. கம்பஸ் போகேல்லை."

"ஏன் பிறகு விட்டனீ?"

"அப்பாவுக்கு வசதியில்லை."

அவர் வாழைப்பழத்தை மேசையில் வைத்துவிட்டு என்னை ஒருதரம் ஏற இறங்கப் பார்த்தார். "வசதி இல்லாமலில்லை. ஆரும் உனக்கெண்டு ஒதுக்கி வைக்கேல்லை. அதுதான் விசயம்," என்றார்.

வந்த மனுசி இப்படிப் பேசினால் யாருக்கும் கோபம் வரும். எனக்கும் வந்தது. ஆனால் எனக்கு ஒரு தட்டச்சு வேலை கிடைத்தபோது முதலில் சந்தோஷப்பட்டவரும் அவர்தான். சிங்களச் சனம் கூடிய கந்தளாயில் அப்பா கடை வைத்திருந்ததால் எனக்குச் சிங்களம் நன்றாக வரும். அந்தச் சிங்களத்துக்காகத்தான் வேலையே கிடைத்தது. பின்னாளில் அவருக்கும் அது தேவைப்பட்டது.

அவருக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் ரவி. அவனுக்கு மிகவும் பிந்திப் பிறந்தவள் சுதா. வங்கியில் இரண்டு பேர் பெயரிலும் ஒவ்வொரு கணக்கு இருந்தது. டுபாயிலிருந்து பணம் வந்த அன்று வெளுத்த நீலச் சேலையை உடுத்திக்கொண்டு வங்கிக்கு நடந்து போவார். வீட்டுச் செலவுக்குக் கிள்ளி எடுத்தது போக மிச்சத்தைச் சரிபாதியாக இரண்டு கணக்கிலும் போட்டுவிட்டு வருவார். வருகிற வழியில் ஒரு சோடா வாங்கிக் குடித்ததைக்கூட நான் கண்டதில்லை. அந்த வீட்டில் மத்தியானம் பெரும்பாலும் சோறும் சொதியும் ஒரு கீரையும்தான்.

ஒருமுறை லீவில் வந்த கணவர் பெரிய ரேடியோ ஒன்று கொண்டுவந்தார். அவர் திரும்பிப் போவதற்கு முன்பே அக்கா அதைக் கிண்ணியாவிலிருந்து வந்த ஒரு வியாபாரிக்கு விற்றுவிட்டார். அந்த மனுசன் படலையில் நின்று என் கணவரிடம், "தம்பி, வேற ஆக்கள் டுபாயிலயிருந்து வந்தா சாமான் இறங்கும். என்ர வீட்டில சாமான் ஏறுது," என்று சொல்லிச் சிரித்தார். கோபம் இல்லை. அவருக்கு மனைவியிடம் ஒருவகைப் பயம் கலந்த மரியாதை.

இத்தனை பிடிவாதம் எதற்கென்று நான் ஒருநாள் கேட்டேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் கையை நிறுத்தாமலே சொன்னார்.

"இவர் கப்பலுக்கடியில மல்லாக்கப் படுத்துக் கிடந்து ஒட்டுறவராம். இவருக்கு மேல ஒரு இன்சினியர். இருவத்தஞ்சு வயசும் வராதாம். அந்தப் பெடியன் குனிஞ்சும் பாக்கானாம். இவரைச் சப்பாத்துக் காலால தட்டி, சரியில்லை, திரும்ப ஒட்டு எண்டுவானாம். இவர் அதைச் சொல்லிப்போட்டுச் சிரிக்கிறார். எனக்குச் சிரிப்பு வரேல்லை, பிள்ளை. என்ர பிள்ளையள் ரெண்டும் கம்பஸ் போய்ப் பட்டம் எடுக்கவேணும். இஞ்ச கிடைச்சா இஞ்ச. இல்லாட்டி மெட்ராசுக்கு எண்டாலும் அனுப்புவன்."

"ஒரு ஓடாவது மாத்தலாமே, அக்கா?"

"அது படிப்புக் காசு. நான் தொட ஏலாது."

இந்த வசனத்தை நான் எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். இயக்கப் பெடியன்களிடமும் அவர் அதையேதான் சொன்னார்.

அந்தக் காலத்தில் ஆயுதம் தூக்கிய இயக்கங்கள் பல. வெளிநாட்டில் ஆள் இருக்கிற வீடுகளுக்குக் காசு கேட்டு முறை வைத்து வருவார்கள். நான் உலக்கை இரவல் வாங்கப் போய் நின்ற நேரம் இரண்டு பேர் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். ஒருவனுக்கு மீசையே சரியாக முளைக்கவில்லை. மற்றவனின் சேட்டுக்குள் இடுப்பில் ஏதோ துருத்திக்கொண்டிருந்தது.

"அக்கா, வெளிநாட்டுக் குடும்பங்கள் எல்லாம் ஒரு பங்கு தருகினம். நீங்கள் மட்டுந்தான் மிச்சம்," என்றான் பெரியவன்.

எல்லோரும் இல்லையென்றுதான் கெஞ்சுவார்கள். அக்கா, "காசு இருக்கு, தம்பி. ஆனா தரமாட்டன். அது படிப்புக் காசு," என்றார்.

"நாங்களும் படிப்பை விட்டிட்டுத்தான் வந்தனாங்கள்," என்றான் சின்னவன்.

"அம்மாவிட்டக் கேட்டுப்போட்டோ விட்டனீ?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். பெரியவனுக்குச் சினம் ஏறிவிட்டது. "வெறுங்கையோட போக ஏலாது. பிறகு வாறவை இப்பிடி நிண்டு கதைக்கமாட்டினம்," என்றான்.

அக்கா உள்ளே போனார். திரும்பி வந்தபோது கழுத்தில் தாலி மஞ்சள் கயிற்றில் கிடந்தது. தாலி கோத்திருந்த தங்கக்கொடி கையில் இருந்தது. "தங்கம். கொண்டு போங்கோ," என்று நீட்டினார். சின்னவன் வாங்கத் தயங்கினான். பெரியவன் வாங்கிக்கொண்டான். அவர்கள் போன பிறகு அக்கா என்னிடம் உலக்கையை எடுத்துத் தந்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போலச் சுதாவைக் கூப்பிட்டு வாய்ப்பாடு கேட்கத் தொடங்கினார். கொடியைத் திரும்பச் செய்விக்கவே இல்லை. அந்தக் கயிறு வேர்வையில் கறுத்துப்போகும். கறுத்தால் புதுக்கயிறு மாற்றுவார்.

ரவி வேறு மாதிரி. யார் கூப்பிட்டாலும் முதலில் சிரித்துவிட்டுத்தான் என்னவென்று கேட்பான். கணக்கில் கெட்டிக்காரன். ஒழுங்கைப் பிள்ளைகளுக்குச் சும்மா சொல்லிக்கொடுப்பான். சோதினை முடிவு வந்தபோது இன்சினியரிங்குக்குப் போதுமான புள்ளி இருந்தது. அக்கா அன்று ஒழுங்கை முழுவதற்கும் பொங்கல் கொடுத்தார். அந்த வீட்டில் நான் கண்ட ஒரே ஆடம்பரம் அது.

ஆனால் தெற்கில் நடந்த கிளர்ச்சியால் நாடெங்கும் பல்கலைக்கழகங்கள் மூடிக் கிடந்தன. எப்போது திறக்கும் என்று ஒருவருக்கும் தெரியாது. மெட்ராசுக்கு அனுப்பியிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். இங்கே கிடைத்த இடத்தைக் கைவிட அக்காவுக்கு மனம் வரவில்லை. இதற்குள், இங்கே வந்து நின்ற இந்திய இராணுவம் திரும்பிப் போகிற காலம் வந்தது. வீதியில் போகிற பெடியன்களை ஒரு இயக்கம் பிடித்துப் பயிற்சிக்கு ஏற்றியது. அங்கிருந்து தப்பி வந்தவர்களை மற்ற இயக்கம் சந்தேகப்பட்டது. பணம் உள்ள வீடுகளில் ஏஜென்சிக்காரரைப் பிடித்துப் பிள்ளைகளை வெளியே அனுப்பத் தொடங்கினார்கள். டுபாயிலிருந்து கணவரும் அதையேதான் எழுதினார். இருக்கிற காசு முழுவதையும் போட்டு ரவியை ஜேர்மனிக்கு அனுப்பு, படிப்பைப் பிறகு பார்ப்போம் என்று. தெரிந்த ஏஜென்சிக்காரர் ஒருவரையும் வீட்டுக்கு அனுப்பிவைத்தார்.

அந்த ஆள் கதிரையில் இருந்து தேத்தண்ணி குடித்தபடி வழி சொன்னார். அக்கா ஒன்றுதான் கேட்டார்.

"அங்க போய் என்ன படிப்பான்?"

"படிப்போ?" அவர் சிரித்துவிட்டார். "முதல்ல அகதியாப் பதியவேணும். பிறகு ஏதும் ரெஸ்ரோரண்டில வேலை எடுக்கலாம்."

"கோப்பை கழுவவோ?"

"எல்லாரும் அப்பிடித்தானம்மா தொடங்கினது."

"அதுக்கு நான் இந்தக் காசைச் சேர்க்கேல்லை," என்று அக்கா எழுந்துவிட்டார். ஏஜென்சிக்காரர் பாதித் தேத்தண்ணியோடு போனார்.

அன்று பின்னேரம் தண்ணீர்க் குழாயடியில் ரவி என்னிடம் வந்தான். அப்போதும் முதலில் சிரித்தான். பிறகு சொன்னான்: "அக்கா, அம்மாவோட நீங்கள் ஒருக்காக் கதையுங்கோ. எனக்குப் பயமாக் கிடக்கு. வெளியில போய்ப் பேப்பர் வாங்கிக்கொண்டு வரவும் பயமாக் கிடக்கு."

நான் போய்க் கதைத்தேன். பயப்படுகிறான் என்று சொன்னேன். கோப்பை கழுவினாலும் உயிரோடு இருப்பானே என்றும் சொன்னேன். அக்கா கோபிக்கவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு, "கம்பஸ் திறக்கும், பிள்ளை. இன்னும் கொஞ்ச நாள்தான். இவ்வளவு காலம் பொறுத்தனாங்கள், இப்ப வழியில இறக்கிவிட ஏலுமே?" என்றார். கதைத்து முடிந்த பிறகும் பிடியை விடவில்லை. அவருக்குப் பயமே இருக்கவில்லை என்று பிறகு சொன்னவர்கள் அந்தக் கையைத் தொட்டுப் பார்த்தவர்கள் இல்லை.

சில மாதங்களில் அரசாங்க இராணுவத்துக்கும் இயக்கத்துக்கும் சண்டை மறுபடியும் தொடங்கியது. ஒழுங்கை முழுவதும் பாய் தலையணையோடு ஒரு பள்ளிக்கூடத்துக்குப் போய் இருந்தோம். அங்கும் அக்கா மகளை வகுப்பறை மூலையில் இருத்திப் படிப்பித்தார். ஒரு காலை, பாண் பங்கிடுகிற நேரம், இராணுவம் பள்ளிக்கூடத்தைச் சுற்றி வளைத்தது. ஆண்களை மைதானத்தில் வரிசையாக விட்டார்கள். ஆட்களை அடையாளம் காட்ட, ஜீப்புக்குள் சாக்கால் முகம் மூடிய ஒருவனை இருத்தியிருந்தார்கள். அவன் தலையாட்டினால் அந்த ஆள் லொறிப் பக்கம். ஆட்டாவிட்டால் வந்த வழியே போகலாம். ரவிக்கு அவன் தலையாட்டினானா, சாக்குக்குள் வேர்த்துக் கழுத்தை அசைத்தானா என்று அங்கே நின்ற யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது.

லொறியில் ஏறுமுன் ரவி திரும்பிப் பார்த்தான். "அம்மா, பயப்பிடாதேங்கோ. விசாரிச்சுப்போட்டு விடுவினம்," என்றான். சிரிக்க முயன்றான். அந்த லொறியில் போன எவரும் திரும்பி வரவில்லை.

அதன் பிறகுதான் எனது சிங்களம் அவருக்குத் தேவைப்பட்டது. ஒவ்வொரு இராணுவ முகாம் வாசலுக்கும் அவரோடு போனேன். எல்லா வாசலிலும் ஒரே பதில்தான்: அப்படி ஒருவரைக் கொண்டுவரவில்லை. ஒரு வாசலில் நின்ற இளம் சிப்பாய் எங்களைப் பலமுறை கண்டவன். ஒருநாள் குரலைத் தாழ்த்தி, அம்மாவை இனி வரவேண்டாமென்று சொல்லுங்கள் என்றான். நான் அதை அக்காவுக்கு அப்படியே சொன்னேன்.

"ஏன் வரவேண்டாமெண்டு கேள்."

கேட்டேன். அவன் வீதிப் பக்கம் திரும்பிக்கொண்டான். அக்கா அடுத்த நாளும் போனார்.

இந்த அலைச்சலுக்கு நடுவில் பல்கலைக்கழகங்கள் திறந்தன. பதிவுக்கு வரும்படி ரவிக்குக் கடிதம் வந்தது. அக்கா அதை மடியில் செருகிக்கொண்டு நான் தட்டச்சு வேலை பார்த்த கந்தோருக்கே வந்துவிட்டார்.

"மகனுக்குச் சுகமில்லை, வரக் கொஞ்சம் பிந்தும், இடத்தை வைச்சிருக்கச் சொல்லி அடிச்சுத் தா, பிள்ளை."

அடித்துக் கொடுத்தேன். வேறென்ன செய்ய? கையெழுத்தை அவரே வைத்தார்.

அக்காவின் கணவர் ஒரு மாத லீவில் ஓடி வந்தார். வந்த மனுசன் பாதியாகிப் போயிருந்தார். கொழும்பு வரை போய்த் தேடிவிட்டு வந்து முற்றத்தில் குந்தியிருந்தார். நான் இனிப் போகவில்லை, இங்கேயே ஏதாவது கூலி வேலை பார்க்கிறேன் என்றார். மனைவியைக் குற்றம் சொல்லி ஒரு வார்த்தை அவர் பேசியதை நான் கேட்டதில்லை. அக்காதான் அவருடைய சூட்கேசை அடுக்கினார்.

"நீங்கள் இஞ்ச இருந்து என்ன செய்யப் போறீங்கள்? ரெண்டு பேருக்கும் படிப்பு இருக்கு. போங்கோ."

ரெண்டு பேருக்கும் என்றபோது அந்த மனுசன் நிமிர்ந்து பார்த்தார். சூட்கேசைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அடுத்த மாதம் பணம் வந்தது. அக்கா நீலச் சேலையை உடுத்திக்கொண்டு வங்கிக்குப் போய் வழமை போல இரண்டாகப் பிரித்துப் போட்டார்.

காணாமல் போனவர்களை மீட்டுத் தருவதாகச் சொல்லிக்கொண்டு தரகர்களும் வந்தார்கள். தெற்கில் ஒரு முகாமில் ரவியைக் கண்டேன், மெலிந்துபோனான், அம்மாவைத்தான் கேட்டான் என்று ஒருவர் கண் கலங்கச் சொன்னார். அக்கா காப்பைக் கழற்றிக் கொடுத்தார். அடுத்தமுறை தையல் மெசினை விற்றுக் கொடுத்தார். மூன்றாம் முறை அந்த ஆள், "வங்கியில பிள்ளையின்ர பேரில காசு இருக்காமே?" என்று கேட்டார்.

"இருக்கு. அது அவன் வந்தாப்பிறகு படிக்கிறதுக்கு."

"அவன் வாறதுக்குத்தானேம்மா கேக்கிறன்."

"வந்தாப்பிறகு என்னத்தை வைச்சுப் படிப்பான்?" என்று அக்கா திருப்பிக் கேட்டார். அந்த ஆள் எழுந்து போனார். பிறகு அவர் வரவும் இல்லை.

ஒழுங்கையில் சனம் கதைக்காமல் இருக்குமா? ஏஜென்சிக்காரன் கொண்டுபோன பெடியன்கள் ஜேர்மனியிலிருந்து படம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள், பனிக்குள் நின்றபடி. அக்காவும் நானும் பேக்கரியில் பாணுக்கு வரிசையில் நிற்கும்போது பின்னாலிருந்து ஒருத்தி, "காசுக்காகப் பிள்ளையைக் குடுத்தவள்," என்றாள். எங்களுக்குக் கேட்கவேண்டும் என்றே சொன்னாள். அக்கா திரும்பவில்லை. பாணை வாங்கிக்கொண்டு நடந்தார். ஏற்றத்தில் பாதி வழியில் நின்று, மூச்சு வாங்கிக்கொண்டு, "அவள் சொல்லுறது பிழையில்லை, என்ன பிள்ளை?" என்று கேட்டார். அவர் கையிலிருந்த பாணை வாங்கிக்கொண்டு கூட நடந்தேன்.

சுதா வளர்ந்தாள். அண்ணன் அளவுக்குக் கணக்கு வராது. ஆனால் விடாமல் படிப்பாள். சோதினையில் வைத்தியத்துக்குக் கொஞ்சப் புள்ளி போதாமல் போனது. சென்னையில் ஒரு கல்லூரியில் பல் வைத்தியம் படிக்க இடம் கிடைத்தது. கட்டணத்தைப் பார்த்தால் அவளுடைய கணக்கில் இருந்தது பாதிக்குத்தான் வந்தது. மற்றப் பாதி ரவியின் கணக்கில் கிடந்தது. வருடக்கணக்காகப் பிரித்துப் பிரித்துப் போட்டது, ஒரு சதம் குறையாமல்.

வங்கியில் போய்க் கேட்டோம். கணக்குக்குச் சொந்தக்காரர் வந்து கையெழுத்து வைக்கவேண்டும், இல்லாவிட்டால் மரணச் சான்றிதழ் வேண்டும் என்றார்கள். காணாமல் போனவர்களுக்கு அப்போது அரசாங்கம் சான்றிதழ் கொடுக்கத் தொடங்கியிருந்தது. ஒழுங்கையில் இரண்டு குடும்பங்கள் எடுத்தும் விட்டன. எங்கள் பகுதிக் கிராம சேவகர் அதை எடுக்கச் சொல்லி அக்காவிடம் ஏற்கெனவே பலமுறை வந்து திட்டு வாங்கிக்கொண்டு போனவர்.

"ரவியின்ர காசைத் தொட ஏலாது," என்றார் அக்கா. கணவர் டுபாயிலிருந்து தொலைபேசிக் கடைக்கு எடுத்துக் கதைத்தார். அவரிடமும் அதையே சொன்னார். பிள்ளை செத்ததென்று எழுதித் தரச்சொல்லிக் கேட்கிறீர்களா என்று கேட்டார். மறுமுனையில் அந்த மனுசன் அழுதது கண்ணாடிக் கூண்டுக்கு வெளியே நின்ற எனக்கே கேட்டது.

அன்று பின்னேரம் நான் அங்கே இருக்கும்போதே சுதா கேட்டாள். சத்தம் போடவில்லை. தாயின் முன்னால் நிலத்தில் இருந்துகொண்டு கேட்டாள்.

"அம்மா, அண்ணா செத்திட்டான் எண்டு நான் சொல்லேல்லை. நான் உயிரோட இருக்கிறன் எண்டுதான் சொல்லுறன்."

அக்கா அவளைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். அந்தப் பிள்ளையை அவர் அப்படிப் பார்த்ததை நான் அதற்கு முன் கண்டதில்லை. பிறகு எழுந்து குசினிக்குள் போய் அடுப்பை மூட்டினார். கல்லூரி கொடுத்த தவணை முடிய இன்னும் கொஞ்சம்தான் இருக்கும்போது, ஒரு காலை என் படலையில் வந்து நின்று, "லீவு போடு, பிள்ளை. கச்சேரிக்குப் போவம்," என்றார்.

மாவட்ட அரசாங்கக் கந்தோரான அந்தக் கச்சேரியில் இருந்த எழுதுவினைஞர் தமிழர், நல்ல மனுசன். பத்திரத்தைத் தானே நிரப்பித் தருகிறேன் என்று பேனாவை எடுத்தார். பெயர், முகவரி எல்லாம் எழுதிய பிறகு தலையை நிமிர்த்தாமல் கேட்டார்.

"இறந்த திகதி, அம்மா?"

"எனக்குத் தெரியாது."

"கொண்டுபோன நாளைப் போடுவமே? எல்லாருக்கும் அப்பிடித்தான் போடுறது."

"அண்டைக்கு அவன் நடந்துதான் போனவன், தம்பி. லொறியில ஏறேக்க என்னோட கதைச்சவன்."

எழுதுவினைஞர் பேனாவைப் பிடித்தபடி இருந்தார். பின்னால் வரிசையில் நின்றவர்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை. அவர்களும் அதே அலுவலாக வந்தவர்கள். கடைசியில் அக்காவே, "போடுங்கோ," என்றார். அவர் எழுதினார்.

"தொழில்?"

"படிக்கிறான்."

அவர் மாணவன் என்று எழுதினார். அக்கா கையெழுத்து வைத்தார். வெளியே வந்ததும் வேலியோரம் குந்தி இருந்து சத்தி எடுத்தார். நான் முதுகைத் தடவிக் கொடுத்தேன். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடாததால் தண்ணீர்தான் வந்தது.

சான்றிதழோடு வங்கிக்குப் போன அன்று, அங்கிருந்த அதிகாரி எழுந்து நின்று, "மகன் இறந்தது கவலைதான், அம்மா," என்றார்.

"அவன் இறக்கேல்லை, தம்பி," என்றார் அக்கா. "தங்கச்சிக்குக் கடன் குடுத்திருக்கிறான்."

பணத்தைக் கையால் வாங்க மறுத்துவிட்டார். வங்கியே நேராகக் கல்லூரிக்கு அனுப்பியது. சுதா போய்ப் படித்தாள். டுபாய்ப் பணம் தொடர்ந்து வந்தது, அவளுக்குப் போனது. படித்து முடித்துச் சென்னையிலேயே வேலை எடுத்தாள். அங்கேயே ஒருவரைக் கலியாணமும் முடித்தாள். முதல் சம்பளத்திலிருந்து மாதம் மாதம் தாய்க்குப் பணம் அனுப்பினாள். அக்கா அதில் ஒரு சதத்தையும் எடுக்கவில்லை. ரவி பெயரில் இனிக் கணக்குத் திறக்க வங்கி விடாது. அதனால் தன் பெயரில் ஒன்று திறந்து அதில் போட்டார். என்னிடம் மட்டும் அது யாருடைய பணம் என்று சொன்னார்.

சுதா படித்து முடித்த பிறகுதான் அக்காவின் கணவர் ஒரேயடியாக வந்துசேர்ந்தார். கண் பார்வை குறைந்து, தோளில் கொப்புளம் ஆறின தழும்புகளோடு வந்தார். முதல் கிழமை வீட்டில் எதையோ தேடும்போது அந்தச் சான்றிதழ் அவர் கையில் அகப்பட்டது. சம்மதித்தவர்தான், ஆனால் கண்ணால் கண்டது அப்போதுதான். என்னிடம் கொண்டுவந்து வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். திகதியை இரண்டாம் முறையும் வாசிக்கச் சொன்னார்.

அதிலிருந்து அந்த வீட்டில் மகனை இழந்த ஒரு மனுசனும், மகன் வருவான் என்று இருக்கிற ஒரு மனுசியும் சேர்ந்து வாழ்ந்தார்கள். சண்டை இல்லை. அவர் அந்தத் திகதி வந்தபோது மகனுக்குத் திவசம் செய்யவேண்டும் என்றார். அக்கா, "உங்கட விருப்பம்," என்றார். அவ்வளவுதான்.

திவசத்துக்கு அந்த மனுசன் என்னையும் என் கணவரையும் சாப்பிட வரச்சொல்லியிருந்தார். அவர் விடியற்காலையிலேயே ஐயரைக் கூட்டிக்கொண்டு கோணேசர் கோயிலடிக் கடலுக்குப் போய்விட்டார். கோயில் கோட்டைக்குள். கோட்டைக்குள் இராணுவ முகாம். வாசலில் அடையாள அட்டையைக் காட்டி, எள்ளும் தர்ப்பையும் கொண்டுபோன பையைச் சிப்பாயிடம் திறந்து காட்டிவிட்டுத்தான் மகனுக்குத் தண்ணீர் விடப் போனார்.

மரக்கறி வெட்டிக் கொடுத்து உதவலாம் என்று நான் முன்னதாகவே போனேன். படலையைத் திறக்கும்போதே மீன் மணம் வந்தது. குசினியில் அக்கா விளைமீன் குழம்பு வைத்துக்கொண்டிருந்தார். பக்கத்துச் சட்டியில் பொரியலும் இருந்தது. அந்த வீட்டில் அவ்வளவு மீனை நான் ஒருநாளும் கண்டதில்லை. மரக்கறி என்று ஒரு கத்தரிக்காய்கூட இல்லை.

"அக்கா, இண்டைக்கு..."

"உப்புக் காணுமோ பார், பிள்ளை," என்று அகப்பையை நீட்டினார்.

அக்காவின் கணவர் கடலிலிருந்து வந்தபோது வெயில் ஏறிவிட்டது. ஈர வேட்டி, நெற்றியில் திருநீறு. முற்றத்தில் கால் கழுவும்போதே மணம் பிடித்துவிட்டது என்று தெரிந்தது. செம்பைக் கையில் வைத்தபடி அப்படியே நின்றார். பிறகு உள்ளே வந்தார்.

"என்ன காரியம் செய்து வைச்சிருக்கிறாய்?"

"ஏன்? வெள்ளிக்கிழமையோ இண்டைக்கு?"

"இண்டைக்கு என்ன நாளெண்டு உனக்குத் தெரியாதோ?"

"தெரியும். விளைமீன் மலிஞ்ச நாள்," என்றார் அக்கா. "இந்த வீட்டில ஒருத்தரும் சாகேல்லை. விரதம் இருக்க ஒரு காரணமும் இல்லை. இருங்கோ, ஆறப் போகுது."

அவர் மனைவியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நானும் பின்னால் வந்து சேர்ந்திருந்த என் கணவரும் போவதா இருப்பதா என்று தெரியாமல் நின்றோம். அவருடைய நெற்றித் திருநீற்றில் கடல் தண்ணீரோ வேர்வையோ வழிந்து கொண்டிருந்தது. அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து நெற்றியை அழுத்தித் துடைத்தார். திருநீறும் அதோடு போனது. பிறகு நிலத்தில் சப்பாணி கட்டி இருந்தார்.

அக்கா சோறு போட்டார். நடுத்துண்டாகப் பார்த்து மீன் வைத்தார். அவர் சோற்றுக்கோப்பையைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு பிசைந்து சாப்பிடத் தொடங்கினார். முள்ளை ஒவ்வொன்றாக எடுத்து ஓரத்தில் வைத்தார்.

"இன்னுங் கொஞ்சம் குழம்பு விடு," என்றார்.

அக்கா குனிந்து ஊற்றினார்.